டீச்சர் விரல் மடக்கும் நேரம்

சிறப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டதும் எனக்குக் கண்ணில் வந்து நின்றது எங்கள் கணக்கு டீச்சரின் வலது கை. கேள்வி கேட்டவுடன் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்குவார், ஐந்தும் மடங்கும்வரை யார் கை தூக்கினாலும் கூப்பிடமாட்டார். ஓரத்து பெஞ்சில் இருந்த எனக்கு அந்த விரல்கள் நன்றாகத் தெரியும், நகக்கண்ணில் சாக்குத்தூள் வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

எனக்கு விடை தெரியும், ஆனால் வாய்க்கு வர நேரமாகும். அதற்கு முந்தைய ஆண்டு எங்களுக்கு வாய்த்த ஆசிரியர் கேட்ட கையோடு "தெரியாதா, உட்கார்" என்று அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார், அப்படியே தெரியாதவன் என்று பெயராகி, கடைசியில் நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன். டீச்சரின் வகுப்பில் மூன்றாவது விரலிலோ நான்காவதிலோ விடை நாக்குக்கு வந்துவிடும். தப்பாகச் சொன்னாலும் "சரி, எப்படி வந்தது என்று சொல்லு" என்பார். சொல்லிக்கொண்டு போகும்போதே எங்கே பிசகினேன் என்று எனக்குப் பிடிபடும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதையேதான் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்து 1970களில் எழுதினார் என்பதை வெகுகாலம் கழித்துப் படித்தேன். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பொறுப்பது சராசரியாக 1 விநாடிதானாம். அதை 3 விநாடியாக்கினால் விடைகள் நீளமாகின்றன, 'தெரியாது' குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இவ்வளவுதானா, இரண்டு விநாடிதானா என்று நெடுநேரம் அப்படியே இருந்தேன்.

தமிழையா வேறு மாதிரி. நன்னூல் பாயிரம் நடத்தும்போது நல்லாசிரியருக்குப் பவணந்தியார் சொன்ன நிலம், மலை, நிறைகோல், மலர் நான்கையும் வேகமாக முடித்துவிட்டு, ஆசிரியர் ஆகத் தகாதவருக்குச் சொன்ன நான்கில் வந்து நின்றுவிட்டார். குடத்தில் போட்ட கழற்சிக்காய் போட்ட வரிசையில் வெளியே வராது, அதுபோல முறை மாற்றிக் கொட்டுகிறவர் கழற்குடம். தானாகக் கொடுத்தால் உண்டு, நாமாகப் போய்ப் பெற முடியாது, அவர் மடற்பனை. பஞ்சு திணித்த குடுக்கையான பருத்திக் குண்டிகையில் உள்ளே போனதை எளிதில் வெளியே எடுக்க முடியாது. வளைந்த தென்னையான முடத்தெங்கோ ஒருவர் தண்ணீர் ஊற்ற இன்னொருவருக்குக் காய் கொடுக்கும்.

அப்புறம் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, "இதில் நான் எது? பெயர் போடாமல் எழுதுங்கள்" என்றார். எங்களுக்குக் கை நடுங்கியது. பாதிப் பேருக்கு மேல் கழற்குடம் என்று எழுதியிருந்தோம். உண்மையும் அதுதான், ஒரு செய்யுளில் தொடங்கினால் நாலு கதைக்குள் போய்விடுவார். தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்ததும் பலகையின் இடது ஓரத்தில் அன்றைக்கு என்னென்ன, எதன்பின் எது என்று எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினார். எங்கள் ஆண்டு முடியும்வரை ஒருநாளும் அது தவறவில்லை. கதைகளும் இருந்தன, நல்லவேளை, ஆனால் அவற்றுக்கும் பலகையில் ஓர் இடம் கிடைத்திருந்தது. பிள்ளைகளிடம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்ட பெரியவர் ஒருவரை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

போன மாதம் கணக்கு டீச்சரோடு தொலைபேசியில் பேசக் கிடைத்தது. அந்த விரல் மடக்கும் வழக்கத்தை யாரிடம் கற்றீர்கள் டீச்சர் என்று கேட்டேன். பதிலே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று 'ஹலோ' சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "சின்ன வயதில் எனக்குத் திக்குவாய், தம்பி. யாரும் பொறுக்க மாட்டார்கள்."