பூட் ஆகும்போது 90 விநாடி நிற்கிறதா?

வீவக வீட்டில் பழைய கணினியை லினக்ஸ் சர்வராக ஓட்டும் நண்பர்களே, பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி 90 விநாடி நின்றுவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் (பழுது பார்க்க மட்டும் திறக்கும் நிலை) போனால் முதலில் எஃப்எஸ்டேப் கோப்பைத் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியல்) திறந்து பாருங்கள். எப்போதோ கழற்றிய யூஎஸ்பி வட்டின் வரி பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அந்த வட்டு வரும் என்றுதான் சிஸ்டம்டி காத்திருக்கிறது. 90 விநாடி அதன் இயல்பான கெடு. அதே வரியில் ‘நோஃபெயில்’ சேர்த்துவிட்டால் வட்டு இல்லாமலும் பூட் ஆகிவிடும்.

ஒரு சேவையை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பில் ‘ஆஃப்டர்’ என்பது வரிசையை மட்டும்தான் சொல்லும், எதையும் தொடங்கி வைக்காது. அதற்கு ‘வான்ட்ஸ்’ அல்லது ‘ரிக்வயர்ஸ்’ கூடவே வேண்டும். நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஆல்பைன் லினக்ஸில் சிஸ்டம்டிக்குப் பதிலாக வரும் ஓப்பன்ஆர்சியில் சேவைக் கோப்புகள் வெறும் ஷெல் ஸ்கிரிப்ட், படித்தாலே புரியும். ஆனால் ஓப்பன்ஆர்சி செத்த சேவையைத் தானாக எழுப்பாது. சேவையைக் கண்காணிக்கும் அதன் சூப்பர்வைஸ்-டீமன் போட்டால்தான் எழுப்பும்.

சின்ன சர்வருக்கு நான் சொல்வது வாய்டு லினக்ஸில் சிஸ்டம்டிக்குப் பதிலாக உள்ள ரன்இட். ஒரு சேவைக்கு ஒரு ‘ரன்’ கோப்பு, அவ்வளவுதான். அதன் கடைசி வரியில், ஷெல்லின் இடத்தில் நிரலையே அமர்த்தும் ‘எக்செக்’ விட்டுப்போகக் கூடாது. விட்டால், நிறுத்தச் சொல்லும் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடும். உள்ளே நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், போர்ட்டையும் விடாது.