இல்லாத தெருவின் முகவரி

ஜனவரி 7

இன்றும் அழைப்பு வரவில்லை. 1931இல் இங்கே லிவர்பூலில் ஜூலியாவை அவள் கணவர் வாலஸ்தான் கொன்றார் என்று என் கணவர் இன்றும் சாதிக்கிறார்.

ஜனவரி 8

அவருடைய வாதம் எப்போதும் தொலைபேசியில்தான் தொடங்குகிறது. 1931 ஜனவரி 19, திங்கட்கிழமை, இரவு ஏழேகால் மணியளவில், நார்த் ஜான் தெருவில் உள்ள சிட்டி கஃபேயில் கூடும் சதுரங்கக் கழகத்தை ஒருவர் அழைக்கிறார். தம் பெயர் குவால்ட்ரோ என்கிறார். காப்பீட்டு முகவர் வாலஸ் மறுநாள் இரவு ஏழரை மணிக்கு மென்லவ் கார்டன்ஸ் கிழக்கில் 25ஆம் எண் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லி வைக்கிறார். மறுநாள் அந்த முகவரியைத் தேடிப் போன வாலஸ் வீடு திரும்பியபோது ஜூலியா கொல்லப்பட்டுக் கிடந்தாள். அந்த அழைப்பு வந்த தொலைபேசிக் கூண்டு வாலஸின் வீட்டிலிருந்து ஏறக்குறைய நானூறு கஜத் தொலைவில் இருந்தது. வாலஸ் கழகத்துக்குப் புறப்பட்டதாகச் சொன்ன நேரமும் அதுவே. "இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்?" என்று தலையணையில் சாய்ந்தபடியே கேட்டார்.

செய்தியை வாங்கிக்கொண்ட பீட்டி, வாலஸைப் பல ஆண்டுகளாக அறிந்தவர். அது வாலஸின் குரல் என்று ஒப்புக்கொள்ள நீதிமன்றத்தில் மறுத்தவர். யார் எந்தத் திங்கட்கிழமை ஆட வேண்டும் என்ற அட்டவணையும் கஃபேயின் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி இருந்தது. இவற்றைச் சொன்னேன். "குரலை மாற்றிப் பேசத் தெரியாதவனா?" என்றார். அதற்குள் மாத்திரைக்கு நேரமாகிவிட்டது.

ஜனவரி 10

மருந்து வாங்கப் போன நான், திரும்பும் வழியில் பேருந்தை விட்டிறங்கி ஆன்ஃபீல்டில் வுல்வர்டன் தெருவுக்கு நடந்தேன். ஒடுங்கிய தெரு, செங்கல் வரிசை வீடுகள். 29ஆம் எண் வீட்டின் எதிரே நிற்கக் கூச்சமாக இருந்தது. அங்கே யாரோ குடியிருக்கிறார்கள், அவர்கள் வீட்டு முன்னறையை ஏன் இந்தப் பெண் முறைக்கிறாள் என்று நினைக்கக்கூடும். அந்த முன்னறையில்தான் ஜூலியா கிடந்தாள். பியானோ இருந்த அறை அது. கணவர் வயலின் வாசிக்க, அவள் பியானோ வாசிப்பாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் சிரித்தார். துப்பறியும் நிபுணர் கடைசியில் மருந்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாரா என்று கேட்டார். விடவில்லை.

ஜனவரி 11

முழு வழக்கும் சில நிமிடங்களில் தொங்குகிறது. பால் கொடுக்க வந்த ஆலன் க்ளோஸ் என்ற பையன், ஜூலியாவை உயிரோடு வாசலில் பார்த்துப் பேசியிருக்கிறான். அது மணி ஆறரை என்று நீதிமன்றத்தில் சொன்னான். ஆறே முக்கால் என்று தங்களிடம் சொன்னதாக அவனுடைய கூட்டாளிகள் சொன்னார்கள். ஏழு மணி கடந்து சில நிமிடங்களில் வாலஸ் இன்னொரு பகுதியில் டிராமில் ஏறி, மென்லவ் கார்டன்ஸ் கிழக்குக்கு வழி கேட்டிருக்கிறார். அப்படியானால் ஆறு ஐம்பதுக்காவது வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆக, அவருக்குக் கிடைத்தவை இருபது நிமிடங்கள், அல்லது வெறும் ஐந்து நிமிடங்கள். அதற்குள் மனைவியின் தலையில் பலமுறை ஓங்கி அடித்து, கழுவி, உடுத்தி, இன்றுவரை கிடைக்காத ஆயுதத்தை மறைத்து, மூச்சு வாங்காமல் தெருவில் இறங்கியிருக்க வேண்டும். அவருடைய உடையில் ஒரு துளி இரத்தமும் இல்லை. வெற்றுடம்பில் மழைக்கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு அடித்திருக்கலாம் என்பது அரசுத் தரப்பின் விளக்கம்.

மதியப் பொரியலுக்குப் பீட்ரூட் நறுக்கியபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கழுவத் தொடங்கினேன். நான்கு நிமிடம் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகும் நகக்கண்ணில் சிவப்பு நின்றது. முழங்கைக்குக் கீழே நான் கவனிக்காத ஒரு புள்ளியும் இருந்தது. இது சாட்சியம் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். வெகுநேரம் என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 13

சாம்பலை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்த மருத்துவப் பேராசிரியர் மக்ஃபால், வாலஸ் புகைபிடித்துக்கொண்டே நடமாடியதையும், முன்னால் சாய்ந்து சாம்பலைக் கவனமாக ஒரு கிண்ணத்தில் தட்டியதையும் கண்டு, அது இயல்புக்கு மாறானதாகத் தமக்குப் பட்டது என்று நீதிமன்றத்தில் சொன்னார். மனைவி செத்துக் கிடக்கிறாள், இவர் தரையில் சாம்பல் விழாமல் பார்த்துக்கொள்கிறார்! ஆனால் அடுத்த வீட்டு ஜான்ஸ்டன் அம்மாள், சமையலறையில் தன்னுடன் இருந்தபோது அவர் உடைந்து அழுதார் என்றும் சாட்சியம் சொல்லியிருக்கிறாள். காவலர்கள் உள்ளே வந்ததும் அழுகையை நிறுத்தியிருக்கிறார். அதில் எனக்கு ஒரு வியப்பும் இல்லை.

போன வாரம் மருத்துவர் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய மேசையில் சாய்ந்திருந்த பேனாத் தாங்கியை நான் நேராக நிமிர்த்தி வைத்தேன். அதை யாராவது குறித்து வைத்திருப்பார்களா?

ஜனவரி 15

அண்ணன் திருநெல்வேலியிலிருந்து பேசினான். உடம்பைப் பற்றி விசாரித்து முடித்ததும், வழக்கறிஞன் அல்லவா, வாலஸுக்கு வந்துவிட்டான். நம் உச்ச நீதிமன்றம் 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில், மனைவியைக் கொன்றதாக மரண தண்டனை பெற்ற கணவரை விடுவித்தபோது சொன்னதை எடுத்துச் சொன்னான்: சூழ்நிலைச் சான்றுகள் சங்கிலியாகக் கோக்கப்பட வேண்டும், ஒரு கண்ணியும் விடுபடக்கூடாது, குற்றவாளி அவர்தான் என்பதைத் தவிர வேறு எந்த முடிவுக்கும் அவை இடம் தரக்கூடாது. "உன் வாலஸ் வழக்கில் கண்ணிகள் இருக்கின்றன, சங்கிலி இல்லை" என்றான். இவர் தொலைபேசியை வாங்கி, "அப்படியென்றால் நிரபராதி என்கிறீர்களா மச்சான்?" என்று கேட்டார். நிரூபிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன் என்று அவன் நழுவிவிட்டான். எனக்கு அது போதவில்லை.

ஜனவரி 16

அழைப்பு இல்லை.

ஜனவரி 18

இன்று எனக்கு வாலஸின் மேல் வெறுப்பாக இருக்கிறது. மென்லவ் கார்டன்ஸில் வடக்கு உண்டு, தெற்கு உண்டு, மேற்கு உண்டு, கிழக்கு மட்டும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எத்தனை பேரைக் கேட்டார்! டிராம் நடத்துநர், வழிப்போக்கர், மேற்கில் 25ஆம் எண் வீட்டில் இருந்தவர், பத்திரிகைக் கடைக்காரர். போதாததற்கு ஒரு காவலரிடம் மணியைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார். சாட்சிகளைச் சேகரிப்பவன் இப்படித்தான் நடப்பான். ஆனால் ஒரு புதிய வாடிக்கையாளரின் தரகுத் தொகையை விட மனமில்லாத முகவரும் இப்படித்தான் நடப்பார்.

ஜூலியாவைப் பற்றி நாங்கள் இருவருமே பேசுவதில்லை. அவளுக்கு 52 வயது என்று எல்லாரும் நம்பினார்கள், உண்மையில் 69. கணவருக்குத்தான் 52. வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டே பதினாறு ஆண்டுகள் அந்தச் சிறிய வீட்டில் ஒருத்தி வாழ்ந்திருக்கிறாள். அவருக்கு அது தெரியுமா, தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாரா?

ஜனவரி 20

இரவு. செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் நடந்த விசாரணையில் நீதிபதி ரைட்டின் தொகுப்புரையே விடுதலையின் பக்கம் சாய்ந்திருந்தும், ஜூரிகள் ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்றார்கள். மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கொலைத் தீர்ப்பு ஒன்றை, சான்றுகள் அதைத் தாங்கவில்லை என்பதற்காகவே அந்த நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை. வெளியே வந்தவரை ஊர் ஏற்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் பிராம்பரோவுக்குக் குடிபோனார். 1933 பிப்ரவரியில் சிறுநீரக நோயில் இறந்தார். ஆன்ஃபீல்டு கல்லறைத் தோட்டத்தில் ஜூலியாவின் குழியிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

சிறுநீரகம் என்று வாசித்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றார். கண் எரிகிறது என்றேன்.

ஜனவரி 21

காலை ஒன்பது இருபதுக்கு அழைப்பு வந்தது. பேசிய பெண் அவருடைய பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரிபார்த்தாள். முடிவைத் தொலைபேசியில் சொல்வதற்கில்லை, நாளை இருவரும் நேரில் வர வேண்டும் என்று ஒரு கட்டடத்தின் பெயரையும் அறை எண்ணையும் சொன்னாள். எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்த அடுப்பைத் துடைத்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வாலஸின் மழைக்கோட்டு எப்படி ஜூலியாவின் உடலுக்கு அடியில் போனது என்பதற்கு நான் இதுவரை பதில் சொல்லவே இல்லை என்று உள்ளறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.