இன்சுலின் தொடங்கும் வீட்டில், கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது

"இனிமேல் இன்சுலின்தான்" என்று டாக்டர் சொல்லிவிட்ட நாளில் பல வீடுகளில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சர்க்கரை டப்பா மேல் பரணுக்குப் போகிறது. "நானே போட்டுவிடுகிறேன்" என்று கணவனோ மனைவியோ இன்சுலின் பேனாவை, அதாவது பேனா வடிவ ஊசிக் கருவியை, கையில் வாங்கிக்கொள்கிறார். இரண்டும் அன்பால் செய்வதுதான், ஆனால் இரண்டும் வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் உடனே கொடுக்க, சர்க்கரை இனிமேல்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஊசியை, கண்பார்வையும் கையும் சரியாக இருக்கும்வரை, அவரே போட்டுக்கொள்ளப் பழக வேண்டும். நீங்கள் ஊருக்குப் போன அன்று அவருடைய டோஸ் நின்றுவிடக் கூடாது. ஊசி குத்துவது பத்து நொடி வேலை. அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் நேரத்தைக் கவனிப்பதுதான் உங்கள் வேலை.

முதலில் வாயைக் கவனியுங்கள். "ஊசி வரைக்கும் வந்துடுச்சே" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், நீங்களும் சொல்லிவிடாதீர்கள். டைப் 2 சர்க்கரையில் கணையம் சுரப்பது வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வரும். மாத்திரைகளில் பல, உடம்பில் மிச்சமிருக்கும் இன்சுலினை வைத்துத்தான் வேலை செய்கின்றன. அது போதாதபோது வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவே. டோஸ் ஏறுவதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். இரவு ஊசியைப் பெரும்பாலும் 10 யூனிட் போலக் குறைவாகத் தொடங்கி, வெறும்வயிற்று சர்க்கரையைப் பார்த்து 2, 2 யூனிட்டாக ஏற்றுவார்கள். 10 என்பது 24 ஆனால் நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. இவர் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்று இப்போதுதான் தெரியவருகிறது.

அடுத்து, வாங்கி வந்த இன்சுலின் எந்த வகை என்று கேட்டு எழுதி வையுங்கள், கடிகாரம் அதைப் பொறுத்தது. கிளார்ஜின் போன்றது நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும், சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தினமும் ஒரே நேரம் என்றால் போதும். 30/70 என்று எழுதியிருக்கும் சாதாரணக் கலவை இன்சுலின், அதாவது சீக்கிரம் வேலை செய்யும் பாகமும் மெதுவான பாகமும் கலந்தது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற வேக வகைகளைப் போட்டால் தட்டு கிட்டத்தட்டத் தயாராக இருக்க வேண்டும். இதில் தவறு நேர்வது பெரும்பாலும் அடுப்படியில்தான். ஊசி போட்டாகிவிட்டது, குக்கர் இன்னும் விசில் அடிக்கவில்லை. இட்லித் தட்டை இறக்கும் நேரத்தைக் கணக்கிட்டு "இப்ப போட்டுக்கோங்க" என்று சொல்வது, நூறு அறிவுரையைவிடப் பெரிய உதவி.

பேனா என்றால் வரிசை இது. கையை சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். பால்போலக் கலங்கிய இன்சுலினாக இருந்தால் உள்ளங்கைகளுக்கு நடுவில் 10 தடவை உருட்டி, 10 தடவை தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்த வேண்டும். வேகமாகக் குலுக்கக் கூடாது. அடியில் வெள்ளையாகப் படிந்தபடியே போட்டால் ஒருநாள் குறைவாகவும் ஒருநாள் அதிகமாகவும் உள்ளே போகும். புது ஊசியை மாட்டி, 2 யூனிட் வைத்து, பேனாவை மேல்நோக்கிப் பிடித்து அழுத்துங்கள். ஊசி முனையில் ஒரு துளி முத்துப்போல நிற்க வேண்டும். அந்தத் துளி வராமல் டோஸ் வைக்கக் கூடாது. ஊசி அடைத்திருந்தாலோ உள்ளே காற்று இருந்தாலோ இங்கேதான் தெரியும். பிறகு டோஸ் வைத்து, 4 மி.மீ. ஊசியென்றால் நேராகக் குத்தி, பொத்தானை முழுதாக அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு எடுக்கலாம். உடனே உருவினால் தோலில் சொட்டும், அது உள்ளே போகாத மருந்து. குத்திய இடத்தைத் தேய்க்க வேண்டாம். வேட்டி, புடவை, நைட்டி எதன் மேலாகவும் குத்த வேண்டாம். போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும், மாட்டியே வைத்தால் காற்று ஏறும், மருந்தும் கசியும்.

குப்பியும் சிரிஞ்சும் என்றால் ஒரே ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருங்கள். நம் நாட்டில் கிடைக்கும் 10 மி.லி. குப்பிகளில் பல, ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் காட்ரிட்ஜ் ஒரு மி.லி.க்கு 100 யூனிட், 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. பேனா ரிப்பேர் என்று காட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. ஆளையே மயக்கத்தில் தள்ளக்கூடிய தவறு இது. குப்பியில் எழுதியிருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை நீங்கள் செய்ய வேண்டியது, அவர் ஊசி போடும் இடத்தை விரல்நுனியால் தடவிப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத தடிப்பு விரலுக்குத் தெரியும். ஒரே இடத்தில் குத்திக் குத்தி கொழுப்பு கட்டிப்போயிருக்கும், அங்கே வலி குறைவு என்பதால் அவருக்கும் அதே இடம்தான் பிடித்துப்போகும். ஆனால் அங்கே போகும் இன்சுலின் எப்போது ரத்தத்தில் சேரும் என்று சொல்ல முடியாது. "எவ்வளவு ஏத்தினாலும் சுகர் குறையவே இல்லை" என்பதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கட்டிதான் இருக்கிறது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, வாரம் ஒரு பாகம், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி என்று மாற்றினால் போதும். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே டோஸ் திடீரென்று அதிகமாக வேலை செய்யலாம், அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுவது நல்லது.

வைக்கும் இடம். திறக்காதது ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் வேண்டவே வேண்டாம். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகினாலும் அது மருந்தல்ல. திறந்ததைப் பெரும்பாலும் 28 நாள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 30 டிகிரிக்குள். சித்திரை, வைகாசியில் நம் வீட்டு அலமாரி அந்த அளவில் நிற்காது. மண்பானையில் ஈர மணல் போட்டு, தண்ணீர் புகாத டப்பாவில் இன்சுலினை வைத்து உள்ளே இறக்குங்கள், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் அரை மணி கழித்துப் போடச் சொல்லுங்கள், சில்லென்று போட்டால் எரியும். திறந்த தேதியைப் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட நீங்கள் தயாராக இருக்க வேண்டியது லோ சுகருக்கு, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போவதற்கு. படபடப்பு, கைநடுக்கம், சில்லென்ற வேர்வை, திடீர் பசி. சிலருக்கு இவற்றுக்கு முன்பே கோபம் வரும். "எனக்கு ஒண்ணுமில்லை, விடு" என்று எரிந்துவிழுவார். பேச்சுக்குப் பேச்சு வேண்டாம், வீட்டில் சுகர் பார்க்கும் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் அரை டம்ளர் தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை, உடனே. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு தடவை. ஏறியபின் அடுத்த சாப்பாடு தள்ளியிருந்தால் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மாத்திரைச் சீட்டில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் வெள்ளைச் சர்க்கரை சீக்கிரம் உடைந்து சேராது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

பல மாதம் 300-லேயே இருந்தவருக்கு 110-க்கு இறங்கினாலும் முதல் சில வாரம் இதே படபடப்பு வரும். அது லோ இல்லை, உடம்பு பழகும்வரை அப்படித்தான். அதனால்தான் மீட்டர். இரவில் தலையணை நனையும் அளவுக்கு வேர்த்தாலோ, தூக்கத்தில் உளறினாலோ எழுப்பிச் சோதித்துப் பாருங்கள். காலையில் டாக்டருக்கும் தெரிய வேண்டும்.

அமாவாசை, கிருத்திகை நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலை 30/70 போட்டால் அதன் மெதுவான பாகம் நண்பகலில்தான் வலுவாக வேலை செய்யும். படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, இலை போடுவதற்குள் இரண்டு மணியாகிவிடும். விரதம் இருக்கத்தான் வேண்டும் என்றால் முந்தைய வாரமே டாக்டரிடம் கேட்டு டோஸை மாற்றிக்கொள்ளுங்கள், நாமாகக் குறைக்க வேண்டாம். காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளிலும் "சாப்பிடலையே" என்று ஊசியை அடியோடு நிறுத்தாமல், சுகர் பார்த்துவிட்டு போன் செய்யுங்கள்.

"போட்டேனா இல்லையா" என்ற சந்தேகம் எல்லார் வீட்டிலும் வரும். சந்தேகத்தில் இரண்டாவது தடவை போடக் கூடாது. தினசரி காலண்டர் தாளில், போட்டவுடன் நேரத்தையும் யூனிட்டையும் அவர் கையாலேயே எழுதட்டும், அந்தத் தாளைக் கிழித்து எறியாமல் ஒரு கிளிப்பில் சேர்த்து, அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது எடுத்துப்போகலாம். பழைய ஊசிகளை மூடி இறுக்கமான கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். பையில் போட்டால் காலையில் குப்பை எடுக்க வரும் அம்மாவின் கையில் குத்தும். டப்பா நிறைந்ததும் டேப் ஒட்டி, ஊசி என்று வெளியே பெரிதாக எழுதி, மருத்துவமனை வாங்கிக்கொண்டால் அங்கேயோ, இல்லையென்றால் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகவோ கொடுங்கள்.