சூடானால் படுத்துவிடும் ஆயில் பிரஷர் முள்

காலையில் ஸ்டார்ட் செய்தால் முள் நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச தூரம் ஓட்டி சிக்னலில் நின்றால் அடியோடு படுத்துவிடும். சில சமயம் சிவப்பு விளக்கும் மினுக்கும். கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் எஞ்சின். கேட்டவர்களில் பாதிப் பேர் "எஞ்சினை இறக்கிடுங்க" என்றார்கள், மீதிப் பேர் கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னார்கள். கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறும்தான். ஏன் இறங்கியது என்பது மட்டும் தெரியாமலே போகும்.

முள் சொல்வது உண்மையா என்பதுதான் முதல் கேள்வி. டேஷ்போர்டு கேஜுக்கு பிரஷர் நேராகப் போவதில்லை; எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் சென்சாரின் மின்தடை மாறுவதை வைத்துத்தான் முள் ஆடுகிறது. சென்சார் தேய்ந்தாலோ எர்த் சரியில்லை என்றாலோ பொய் சொல்லும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினாலே எர்த் கெட்டுவிடலாம். எனவே சென்சாரைக் கழற்றி அதே ஓட்டையில், ஆயில் பிரஷரை நேராகவே வாங்கிக் காட்டும் மெக்கானிக்கல் கேஜை மாட்டினேன். மரைக்குப் பொருந்தும் அடாப்டர் தேடியதுதான் இதில் பெரிய பாடு.

தண்ணீர் சூடாகிவிட்டதே என்று உடனே அளக்கக் கூடாது. ஆயில் சூடாக அதைவிட நேரம் எடுக்கும். நன்றாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். ஐடிலில் 8 பிஎஸ்ஐ (பிரஷர் அலகு). ரேஸ் கொடுத்தால் ஏறியது, 3000 ஆர்பிஎம்மில் 25. இந்த மாதிரிப் பழைய எஞ்சின்களுக்கு ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆக, டேஷ்போர்டு முள் குறையைக் கொஞ்சம் மிகைப்படுத்தியிருந்தாலும் குறை நிஜம்தான்.

எண்ணைவிட அது ஏறி இறங்கும் விதம்தான் அதிகம் சொல்லும். ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ள மட்டும்தான் செய்கிறது. போகிற வழியில் உள்ள தடைதான் பிரஷராகத் தெரிகிறது. எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் ஓரளவுக்கு மேல் ஏறவே இல்லை என்றால் அதிகப் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு மேல் சந்தேகம் வரும். வேகத்தில் முள் துடித்தாலோ திடீரென்று விழுந்தாலோ பம்ப் ஆயிலை உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெய்னரில் அடைப்பு, அல்லது பம்ப் காற்றை இழுக்கிறது. குளிரில் சரியாக இருந்து, சூட்டில் குறைந்து, ரேஸுக்கு ஏறினால் ஒன்று ஆயில் நீர்த்திருக்கிறது, இல்லை கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கின் இடைவெளி கூடியிருக்கிறது. என் வண்டி இந்தக் கடைசி ரகம்.

ஆயில் ஸ்டிக்கை உருவினேன். அளவு மேல் கோட்டுக்கும் மேலே! பழைய எஞ்சினில் ஆயில் குறையுமே தவிர அதிகமாகாது. விரலில் தேய்த்தால் வழவழப்பே இல்லை, மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசம். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாபிரம் (சவ்வு) கிழிந்து, பெட்ரோல் உள்வழியாக, எஞ்சினடியில் ஆயில் தேங்கும் சம்பில் இறங்கியிருந்தது. இதைக் கவனிக்காமல் கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால் அதுவும் நீர்த்திருக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. பெட்ரோல் பம்பை மாற்றி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்ட பிறகு சூடான ஐடிலில் 13 வந்தது.

பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நீர்த்த ஆயிலில் ஓடிய பேரிங்கை நான் நம்பவில்லை. சம்பை இறக்கி ஒரு மெயின் பேரிங் கேப்பைக் கழற்றினால், பேரிங்கின் உள்தகடான ஷெல்லின் சாம்பல் பூச்சு நடுவில் தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. ஆயிலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு இடைவெளி அளக்கும் பிளாஸ்டிகேஜ் இழையை ஜர்னல் (பேரிங்கில் சுழலும் கிராங்க் பகுதி) மேல் வைத்து, கேப்பை டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கித் திரும்பக் கழற்றினேன். இடையில் கிராங்க் துளிகூடச் சுழலக் கூடாது. நசுங்கிய இழையின் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டால் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி. மேனுவலில் இருந்த உச்ச வரம்பைத் தாண்டியது. நல்ல வேளையாக ஜர்னலில் கீறல் இல்லை, மைக்ரோமீட்டரிலும் அளவு சரி. கிராங்க்கை அரைக்காமல் ஸ்டாண்டர்ட் சைஸ் ஷெல்களே போதுமானதாக இருந்தது. சம்ப் கீழே இருக்கும்போதே ஸ்ட்ரெய்னரையும் கழுவிவிட்டேன்.

அப்புறம் எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, கேஜ் ஏறும்வரை செல்ஃப் அடித்து, வயரைத் திரும்ப மாட்டிய பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். இப்போது சூடான ஐடிலில் 22, 3000-இல் 45. புதுச் சென்சார் இன்னும் வாங்கவில்லை. மெக்கானிக்கல் கேஜே மாட்டியபடி ஓடுகிறது.