பிச்சியின் தடையோட்டம்: ஆடிக்காற்று செய்த வேலை

முதல் ஓட்டத்தில் எலிமினேஷன், அதாவது அந்த ஓட்டமே செல்லாது. இரண்டாவது ஓட்டத்தில் 15 தப்பு மதிப்பெண். கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்த ஒரு சின்ன அஜிலிட்டி போட்டியில், அதாவது நாய்களுக்கான தடையோட்டத்தில், எங்கள் நாய் பிச்சி வாங்கியது இவ்வளவுதான். ஊருக்குத் திரும்பி வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. பிச்சி இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ளவே இல்லை, எங்கள் வயலைத்தான் கற்றுவைத்திருந்தது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தாண்டுகம்பி, டனல், வளைந்து வளைந்து நுழைகிற வீவ் கம்பிகள், சீசா, கூரை மாதிரி ஏறி இறங்குகிற ஏ-ஃப்ரேம் என்று நடுவர் ஒரு வரிசை போட்டுவைப்பார். நாய்க்கு அதை முன்னால் காட்டமாட்டார்கள். கூட ஓடுகிறவர் மட்டும் நாய் இல்லாமல் ஒருமுறை நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஓடும்போது நாயைத் தொடக் கூடாது, கையில் தின்பண்டம் கூடாது. 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட, குதிரை தாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கியதுதான் இது.

பிச்சி கன்னி என்ற நாட்டு வேட்டைநாய்ச் சாதி. கருப்பு உடம்பு, புருவத்திலும் காலிலும் செம்பழுப்பு. இந்த விளையாட்டில் உலகம் முழுக்க முன்னால் நிற்பது பார்டர் காலி. அது மந்தையை மடக்குகிற சாதி, மேய்ப்பவர் கை அசைந்தாலே திரும்பும். கன்னியோ முயலைக் கண்டால் நேரே போகிற சாதி. வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் திரும்புவதற்கு லாரி மாதிரி இடம் கேட்கும். வயலுக்குப் பக்கத்தில் கிடை போடுகிற பெரியவர் தினமும் நின்று பார்ப்பார். "ஏம்மா, காட்டுக்குப் போற நாயப் போயி பைப்பத் தாண்ட வச்சிட்டியளே" என்பார். முயல் வேட்டை சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வருத்தம் சட்டத்தைப் பற்றியது இல்லை.

மைதானம் என்றால் மானூர்ப் பக்கம் அக்கா வீட்டுக் கரிசல் வயல். உளுந்து எடுத்த பிறகு சும்மா கிடந்தது. தாண்டுகம்பி எல்லாம் பிவிசி பைப், எல்போ, டீ வாங்கி நாங்களே செய்தது. சீசாவுக்கு ஆசாரியிடம் பலகை, வெல்டிங் பட்டறையில் தாங்கி. பலகையில் பெயிண்ட் அடித்து, ஈரம் காயுமுன் எம்-சாண்டைச் சலித்துத் தூவினால் நகம் வழுக்காது. பெரிய நாய்களுக்குக் கம்பி உயரம் 55 முதல் 60 செ.மீ. எலும்பு முற்றும் வரை அந்த உயரத்தைத் தாண்ட விடாமல், தரையோடு தரையாகத்தான் பழக்கினோம்.

இனி காற்று விஷயம். ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை, கயத்தாறில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. நாயின் கால் பட்டால் கம்பி விழவேண்டும் என்பதால் அதைக் கட்டிவைக்க முடியாது, தாங்கியில் சும்மா வைப்பதுதான். வெறும் பைப் வேறு. பிச்சி கிளம்புவதற்கு முன்பே கம்பி எல்லாம் தரையில் உருளும். பைப்புக்குள் மணல் அடைக்கலாம் என்றான் அக்கா மகன். கனமான கம்பியில் கால் இடித்தால் நாய்க்கு அடிபடும், வேண்டாம் என்றேன். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. கம்பி காற்றுக்குக் குறுக்கே இருந்தால்தானே தள்ளும்? எல்லாவற்றையும் கிழமேலாக, காற்று வரும் திசையோடு திருப்பி வைத்தோம். ஒரு கம்பி விழவில்லை. அத்தனை பெருமை எங்களுக்கு.

கம்பி கிழமேலாக இருந்தால் நாய் ஓடுவது தென்வடலாக. பயிற்சி காலையிலும் சாயங்காலமும் மட்டும், வெயிலில் கருப்பு நாயை ஓடவிட முடியாது. ஆகையால் பிச்சி ஒருநாள்கூட வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு தாண்டியதில்லை. போட்டியில் இரண்டாவது ஓட்டம் சாயங்காலம், நாலாவது கம்பி நேர் மேற்கே. கண்ணில் வெயில் அடித்ததும் பிச்சி கம்பிக்குப் பக்கவாட்டில் விலகி ஓடியது. நடுவர் மூடிய கையைத் தூக்கினார். ரெஃப்யூசல், அதாவது தாண்ட மறுத்த தப்பு, 5.

சீசா கதையும் இதே ஜாதிதான். கரிசல் மண்ணில் பலகை இறங்கினால் சத்தமே வராது. அங்கே கெட்டித் தரை. முன்னால் ஓடிய நாய்களுக்குப் பலகை 'டமார்' என்று இறங்கியதை ஓரத்தில் நின்றபோதே பிச்சி காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. தன் முறை வந்ததும் பலகை தரையைத் தொடுமுன் குதித்துவிட்டது. இன்னொரு 5. வீவ் கம்பிக்கு வந்தால் சிரிப்புதான். போட்டியில் 12 கம்பி, 60 செ.மீ. இடைவெளியில். வயலில் நாங்கள் ஊன்றியிருந்தது ஆறு. பிச்சி ஆறு கம்பியை அழகாக முடித்து வெளியே வந்து, ஈரல் துண்டுக்காக என் கையைப் பார்த்து நின்றது. மூன்றாவது 5.

முதல் ஓட்டத்தின் எலிமினேஷன் மட்டும் வேறு வகை. ஐந்தாவது கம்பிக்கு அடுத்து இடது பக்கம் திரும்பவேண்டும், நேர் எதிரே டனல் வாய். நான் "இங்க வா" என்று கத்தியது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. பிச்சி டனலுக்குள் போய்விட்டது. வரிசை மாறினால் அத்தோடு முடிந்தது. சொன்னதைக் கேட்காத நாய் என்றுதான் நினைத்தேன். அக்கா மகன் வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினான். "சித்தி, அது ஒங்க வாயப் பாக்கல, காலத்தான் பாக்கு." வாய் இடப்பக்கம் கூப்பிடுகிறது, ஆனால் தோளும் இரண்டு பாதமும் டனலைப் பார்த்தபடி. கண்ணால் வேட்டையாடுகிற சாதிக்குச் சத்தம் இரண்டாம்பட்சம். கம்பியைத் தாண்டிய பிறகு நான் திரும்பியதும் தப்பு. நாய் காலைத் தூக்குமுன்பே நம் பாதம் திரும்பியிருந்தால்தான், அது காற்றில் இருக்கும்போதே உடம்பை வளைத்து இறங்கும். நீளக்கால் நாய்க்கு அந்த அரை நொடி ரொம்பப் பெரியது.

இப்போது நடக்கிற வேலை. சீசா பலகை இறங்கும் இடத்தில் பழைய தகரம் ஒன்றைப் போட்டு, மேலே சாக்கை நாலாக மடித்து வைத்தேன். சத்தம் லேசாக இருக்கும்போதே பலகை நுனியில் ஈரல். அப்புறம் மூன்று மடிப்பு, இரண்டு மடிப்பு. இன்று ஒரே மடிப்பில் இறங்கி, தகரம் சத்தம் போட்டபிறகும் நுனியிலேயே நின்றது. வீவ் கம்பி 12 ஆகிவிட்டது. ஆறாவதில் வெளியே வந்தால் திட்டுவதில்லை, கையைக் காலியாகக் காட்டுகிறேன். கடைசிக் கம்பியைத் தாண்டிக் கயிற்றில் கட்டிய கந்தல் துண்டைத் தரையில் இழுத்தால், ஈரலைவிட அதற்குத்தான் வேகம். தாண்டுகம்பிகளைத் திசைக்கு ஒன்றாக வைத்துவிட்டேன். ஆடிக்காற்று இப்போது இல்லை, அடுத்த ஆடிக்குக் கம்பி விழுந்தால் விழட்டும், எடுத்து வைக்க ஆள் இருக்கிறது.

ஐப்பசி மழை இறங்கியதும் கரிசலில் கால் வைக்க முடியாது, செருப்போடு பிடித்துக்கொள்ளும். மழைநாளில் மொட்டைமாடியில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து என் காலுக்கு மட்டும் பயிற்சி. அக்கா மகன்தான் பிச்சி வேஷம். நான் பாதத்தைத் தாமதமாகத் திருப்பினால் அவன் வேண்டுமென்றே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றுகொள்கிறான்.