காசு வாங்காம வரைஞ்ச படம் காலண்டருக்குப் போன கதை

"ஃப்ரீயா வரைஞ்சு கொடுத்துட்டா அது அவங்களோடதுதானே"ன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, ஆனா நம்ம சட்டத்துல கிட்டத்தட்ட தலைகீழா இருக்கு. 1957 காப்பிரைட் சட்டம் பிரிவு 17 படி வரைஞ்சவங்கதான் முதல் ஓனர். ஒருத்தர் கேட்டு, அதுக்குக் காசும் கொடுத்து, நீங்க ஒரு ஓவியம் வரைஞ்சீங்கன்னா, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்துல உரிமை காசு கொடுத்தவருக்குப் போயிடும். சம்பளத்துக்கு இருக்கற இடத்துல வேலையா வரைஞ்சா முதலாளிக்குப் போயிடும். என் கேஸ்ல ரெண்டும் இல்ல, பத்து பைசா வாங்கல, அதனாலயே படம் என்கிட்டயே நின்னுடுச்சு. வக்கீலா இருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தி இத சொன்னப்போ கலாய்க்கறான்னு நினைச்சேன், அப்புறம் பிரிவை எடுத்து நானே படிச்சுப் பாத்துட்டுதான் நம்பினேன்.

விஷயம் என்னன்னா, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துப் பக்கம் ஸ்கூல் பசங்களுக்குப் பறவை காட்டக் கூட்டிட்டுப் போற ஒரு சின்ன குழு இருக்கு, அவங்களுக்காக ஒரு போஸ்டர் வரைஞ்சு கொடுத்திருந்தேன். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீளவால் இலைக்கோழி, நடுவுல பெருசா ஒரு நீலத் தாழைக்கோழி. பசங்க கையில போகப்போகுதேன்னு சந்தோஷமா செஞ்ச வேலை அது. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கம்பெனியோட சிஎஸ்ஆர் டீம், அதான் கம்பெனி சார்பா சமூக சேவை வேலை பாக்கறவங்க, போஸ்டரைப் பாத்துட்டு, இதையே டேபிள் காலண்டர், காபி மக் எல்லாத்துலயும் போடறோம்னு குழு நடத்தற அண்ணாகிட்ட கேட்டிருக்காங்க, அவரும் "தாராளமா போடுங்க"ன்னு சொல்லிட்டு எனக்கு போன் பண்றாரு. "ஏம்மா, நல்ல விஷயம்தானே, பெரிய கம்பெனிம்மா"ன்னாரு. நல்ல விஷயம்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா தாராளமா கொடுக்க அது அவர் கையில இல்லையே.

அவர்கிட்ட சண்டை போடவும் முடியாது, நல்ல மனுஷன், பறவைக்காக வெயில்ல நிக்கறவரு. அதனால கம்பெனிக்கு நேரா நானே மெயில் போட்டேன், படம் என்னோடது, யூஸ் பண்றதுல எனக்கு ஆட்சேபனை இல்ல, ஆனா எழுத்துல பேசிக்கலாம்னு. அந்தப் பக்கம் இருந்த மேடம் ரொம்ப மரியாதையாத்தான் பதில் போட்டாங்க, கூடவே அவங்க லீகல் டீமோட ஒரு அக்ரிமெண்ட்டும் வந்துச்சு. அத படிச்சா உலகம் முழுக்க, எல்லா மீடியாவுலயும், காலவரையறை இல்லாம, மொத்த உரிமையும் அவங்களுக்கே, மாரல் ரைட்ஸையும் (படத்தைச் சிதைச்சா கேக்கற மாதிரி, வரைஞ்சவங்களுக்குன்னே இருக்கற உரிமை) விட்டுக்கொடுக்கிறேன்னு நான் கையெழுத்து போடணுமாம். ஒரு காலண்டருக்கு! அவங்க கெட்ட எண்ணத்தோட அனுப்பினாங்கன்னு நான் நினைக்கல, எல்லாருக்கும் அனுப்பற ஒரே டெம்ப்ளேட்டு அது. ஆனா டெம்ப்ளேட்டுக்கும் கையெழுத்து போட்டா போட்டதுதான்.

இங்கதான் அசைன்மெண்ட்டுக்கும் லைசென்ஸுக்கும் உள்ள வித்தியாசம் புரிஞ்சுக்கணும். முன்னது கிரயம் மாதிரி, உரிமையே கை மாறிடும். பின்னது வாடகை மாதிரி, எந்த வேலைக்கு எவ்வளவு நாள்னு சொல்லி விடறது, ஓனர் நாமதான். ரெண்டுமே எழுத்துல இருக்கணும். எந்தப் படம், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த ஊர் வரைக்கும், எவ்வளவு பணம்னு பிரிவு 19 வரிசையா கேக்குது, லைசென்ஸுக்கும் அது பொருந்தும்னு பிரிவு 30ஏ சொல்லுது. காலம் போடாம விட்டா 5 வருஷம்னு எடுத்துப்பாங்க, இடம் போடாம விட்டா இந்தியா முழுக்க. அதனால எதையும் காலியா விடாதன்னு ஃப்ரெண்ட் படிச்சுப் படிச்சு சொன்னா.

நாங்க திருப்பி அனுப்பின பேப்பர் ரெண்டு பக்கம்தான். எக்ஸ்க்ளூசிவ் இல்லாத லைசென்ஸ் (அதே படத்தை நான் வேற யாருக்கும் கொடுக்கலாம்), அந்த வருஷ காலண்டரும் மக்கும் மட்டும், இந்தியாவுக்குள்ள மட்டும், டிசம்பர் 31 வரைக்கும், அச்சடிக்கற எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு, வேற யாருக்கும் மறுபடி லைசென்ஸ் கொடுக்கக் கூடாது, ஏஐ ட்ரெய்னிங்குக்குக் கூடாது, கீழ என் பேர் வரணும். மேடம் போன்ல கூப்பிட்டு "நாங்க விக்கப் போறதில்லையே, சும்மாதானே எல்லாருக்கும் கொடுக்கறோம், கமர்ஷியலே இல்லையே"ன்னாங்க. இந்த வாதம் எல்லா இடத்துலயும் வரும், தயாரா இருங்க. சும்மா கொடுத்தாலும் மேல கம்பெனி லோகோ இருக்குல்ல, அது விளம்பரம்தானே, லோகோ இல்லாம அடிக்கறீங்களான்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க. பணம் பேசறது அதுக்கப்புறம் ஈஸியா போச்சு, பெரிய தொகை இல்ல, கௌரவமான தொகை.

மாரல் ரைட்ஸ் மட்டும் இழுத்துக்கிட்டே இருந்துச்சு. பிரிவு 57 படி உரிமையை வித்தாலும் படத்தைச் சிதைச்சா கேக்கற உரிமை வரைஞ்சவங்களுக்கு இருக்கு. டெல்லியில அரசாங்க மாநாட்டு அரங்கமான விஞ்ஞான் பவன்ல சிற்பி அமர்நாத் செகல் செஞ்ச பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979ல அரசாங்கமே கழட்டி வெச்சு பாழாக்கிடுச்சு, அவர் கேஸ் போட்டு 2005ல டெல்லி ஹைகோர்ட் 5 லட்சம் நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி, மிச்சம் இருந்ததையும் அவர்கிட்டயே ஒப்படைக்கச் சொன்னுச்சு. அந்தக் கேஸ் பேரை மெயில்ல ஒரு வரி போட்டோம், ஆனா நிஜமா வேலை செஞ்சது அது இல்ல, மக் சாம்பிள்தான். அவங்களுக்கு அச்சடிக்கற வெண்டர் அனுப்பின மாதிரிப் படத்துல பிரிண்ட் ஏரியாவுக்குள்ள அடங்கலன்னு தாழைக்கோழியை முழங்காலோட வெட்டிட்டாங்க. அந்தப் பறவைக்கு அழகே அந்த நீளமான சிவப்புக் கால்தான், நீர்ச்செடிங்க மேல விரல விரிச்சு நடக்கறதுக்குன்னே இருக்கற கால், அது இல்லாம வயித்தோட மக்குல ஒட்டி வெச்ச மாதிரி இருந்துச்சு. கைப்பிடி பக்கமா மூஞ்சி வரணும்னு வேற கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பியும் போட்டிருந்தாங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து "இதுக்குத்தான் மேடம் அந்த மாரல் ரைட்ஸ் ஷரத்து"ன்னு அனுப்பினேன். வெட்டறது, திருப்பறது, கலர் மாத்தறது எதுவா இருந்தாலும் என்கிட்ட கேட்டுட்டுதான்னு ஒரு வரி சேந்துடுச்சு.

அவங்க லீகல்ல ஒருத்தர் கேட்ட ரெண்டு கேள்வி நியாயமா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். ஒண்ணு, எந்த போட்டோவைப் பாத்து வரைஞ்சீங்கன்னு. கரண்டிவாயனுக்கு மட்டும் ஒரு போட்டோகிராஃபர் அண்ணன் எடுத்த படத்தை ஒட்டி வரைஞ்சிருந்தேன், அவர் வாட்ஸ்அப்ல அப்பவே ஓகே சொன்னது போஸ்டருக்கு, காலண்டருக்கு இல்ல. அவர்கிட்ட போய் தனியா ஒரு கடிதம் வாங்கினேன், என் தொகையில ஒரு பங்கு அவருக்குன்னு பேசிக்கிட்டோம். இன்னொண்ணு, ஃபாண்ட். முக்த மலர் போட்டிருந்தேன், அது ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ்ல வர்றது, கமர்ஷியலுக்கும் ஓகே, அதோட முடிஞ்சது. பான் கார்டு காப்பி, கேன்சல்டு செக், வெண்டர் ஃபார்ம் எல்லாம் அனுப்பறதுலதான் என் பொறுமை போச்சு, அது வேற கதை.

குழுவுக்கும் ஒரு பேப்பர் போடணும்னு அப்பதான் தோணுச்சு. குழு ட்ரஸ்ட்டாவோ சொசைட்டியாவோ பதிவு பண்ணல, அதனால குழு பேர்ல கையெழுத்து போட ஆளே இல்ல, அண்ணா தன் சொந்தப் பேர்ல போட்டாரு. க்ரியேட்டிவ் காமன்ஸ் (யார் வேணா எடுத்துக்கலாம்னு சில நிபந்தனையோட பொதுவா விடற லைசென்ஸ்) போட்டு விட்டுடலாமேன்னு அவர் கேட்டாரு. பசங்க கதைகளை ஆன்லைன்ல இலவசமா கொடுக்கற ப்ரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் மாதிரி இடத்துக்கு அது ரொம்ப பொருத்தம், ஆனா ஒரு தடவை போட்டா திரும்ப வாங்க முடியாது, "கமர்ஷியலே இல்லையே" ஆளுங்களும் மறுபடி வருவாங்க. அதனால பசங்க நிகழ்ச்சிக்கு எப்ப வேணா எவ்வளவு வேணா அடிச்சுக்கலாம், எந்த கம்பெனி லோகோவும் சேரக் கூடாது, காப்பிரைட் இருக்கற முழு காலத்துக்கும்னு தெளிவா எழுதினோம். கைமாறு எதுவும் இல்லாத ஒப்பந்தம் செல்லாதுன்னு ஒப்பந்தச் சட்டம் 25ஆவது பிரிவு சொல்றதால ஒரு பேருக்காவது தொகை வேணும்னு ஃப்ரெண்ட் சொன்னா. முடிஞ்சுபோன வேலைக்கு இப்ப லைசென்ஸ் பணமா வாங்கறதால ஓனர் மாறிடாதான்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன், மாறாதாம். அண்ணா ஜிபேல 100 ரூபா அனுப்பினாரு, நோட்ல "தாழைக்கோழி"ன்னு போட்டு.

காப்பிரைட் ஆபீஸ்ல பதிவு பண்ணலாமான்னும் பாத்தேன். கட்டாயம் இல்ல, படத்துக்கு 500 ரூபா, ஆனா பொருள் மேல போடற மாதிரி படம்னா 2000, கூட ட்ரேட்மார்க் பக்கத்துலேர்ந்து ஒரு சான்றிதழும் கேப்பாங்க. இப்போதைக்கு லேயரோட இருக்கற ஃபைலும், பென்சில் ஸ்கெட்ச்சும், தேதியோட இருக்கற மெயிலும் போதும்னு விட்டுட்டேன். காலண்டர் வந்துச்சு, பேர் சின்ன எழுத்துல இருக்கு, ஆனா இருக்கு. மக்குல கால் முழுசா வரணும்னு பறவையைக் கொஞ்சம் சின்னதாக்கி அடிச்சிருக்காங்க. அடுத்த வருஷத்துக்கும் அதே படம் வேணும்னு மேடம் கேட்டிருக்காங்க, அதே ரெண்டு பக்கத்துல தேதியையும் தொகையையும் மட்டும் மாத்தி அனுப்பியிருக்கேன்.