வீடில்லாத குடும்பத்துப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது

“சார், புள்ளைக்குப் பேப்பரு ஒண்ணும் இல்ல.”

“எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாம்மா, சேத்துக்கிடலாம்.”

திருநெல்வேலி ரயில் சந்திப்புப் பக்கம் நடைபாதையில் படுக்கிற குடும்பமானாலும் சரி, செங்கல் சூளைக்கு வந்திறங்கிய குடும்பமானாலும் சரி, பள்ளி வாசலில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இதுதான். தலைமையாசிரியர் விரட்டவில்லை. ஆனாலும் அந்தத் தாய் மறுபடி வருவதில்லை. இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்த ஆபீசுக்குப் போவது, எதைக் கேட்பது?

அவர் எங்கும் போக வேண்டியதே இல்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை இதைத் தெளிவாகவே சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. இது பிரிவு 14. பழைய பள்ளியின் டிசி (மாற்றுச் சான்றிதழ்) வரவில்லை என்று அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ காக்க வைக்கக் கூடாது. இது பிரிவு 5. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பக் கூடாது. இது பிரிவு 15. நம் பக்கத்துக்கு இந்தக் கடைசிப் பிரிவுதான் மிக முக்கியம். மழை ஓய்ந்து, பொங்கலை ஒட்டித்தான் சூளை வேலை சூடுபிடிக்கும். குடும்பம் வந்து சேரும்போது பள்ளியில் மூன்றாம் பருவம் தொடங்கியிருக்கும். ஆதார் இல்லாததும் தடையல்ல. 2018 ஆதார் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது.

பிள்ளைக்காக விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர்கள் முகவரிக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். பிள்ளை இரவில் எங்கே தூங்குகிறதோ அதை அடையாளத்தோடு எழுதுங்கள்: இன்ன சூளை, இன்ன பாலத்தடி, மாநகராட்சித் தங்குமிடம்.

பிறந்த தேதியில்தான் நிதானம் வேண்டும். பெற்றோர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும்தான். ஆனால் அவசரத்தில் சொல்கிற தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழ்வரை கூடவே வரும். பிறகு திருத்துவது பெரும்பாடு. தாய் சேய் நல அட்டையோ அங்கன்வாடிப் பதிவேடோ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எதுவும் இல்லாவிட்டால், எந்தத் திருவிழாவுக்கு, எந்த மழைக்கு முன்பின் பிறந்தது என்று தாயிடம் பேசிப் பேசி நெருங்கலாம்.

விண்ணப்பம் இரண்டு பிரதி. ஒன்றில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநரைப் பாருங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பது அவர்கள் வேலையிலேயே ஒன்று. அடுத்து வட்டாரக் கல்வி அலுவலர், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு. பிள்ளை வேலையில் இருந்தாலோ ஆபத்தில் இருந்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098.

பத்து வயதுப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறப்புப் பயிற்சி தர வேண்டும். 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை கல்வி இலவசம்தான்.

சேர்த்த பிறகு பிள்ளை ஏன் நின்றுபோகிறது? ஒற்றைச் சீருடைதான் பல நேரம் காரணம். துவைத்தால் காயப்போட இடமில்லை. மழை பெய்தால் அடுத்த நாள் அது ஈரமாகவே கிடக்கும், பிள்ளை வராது. நடுவில் சேர்ந்த பிள்ளைக்குச் சீருடை ஒதுக்கீடு வந்திருக்காது. மீதம் இருப்பதைத் தலைமையாசிரியர் வட்டார அலுவலகத்தில் கேட்டு வாங்கித் தரலாம். வரும்வரை கலர் சட்டையில் வரட்டும், தயவுசெய்து வாசலில் நிறுத்தாதீர்கள். புத்தகங்களை வகுப்பு அலமாரியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடைபாதையில் புத்தகம் ஒரு தூறலுக்குத் தாங்காது. வீட்டுப்பாடத்தைப் பள்ளி விடுவதற்கு முன் முடிக்க அரை மணி நேரம் கொடுத்தால் போதும். தெருவிளக்குதான் அந்தப் பிள்ளைக்கு விளக்கு.

காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவது போகும் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு திடீரென்று நின்றுபோகும். ஜூன், ஜூலையில் அந்தப் பிள்ளைகள்மேல் தனியாக ஒரு கண் வேண்டும்.

குடும்பம் கிளம்புவது தெரிந்தால் அன்றே டிசி கொடுத்து, எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவில், பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுத் தொகுப்புக்கும் பெயரை மாற்றிவிடுங்கள். அங்கே விடுவிக்காமல் விட்டால் அடுத்த ஊர்ப் பள்ளியில் பதிவு இழுபடும். பதிவில் இருக்கும் செல்போன் எண் பெரும்பாலும் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன எண்ணாக இருக்கும். அதை நம்பாமல், எமிஸ் எண்ணை ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, பாலித்தீன் உறையில் போட்டுத் தாயின் கையில் கொடுங்கள்.